கணவாய் தாண்டிய இட்லி மாவு

ஜெனி, சாமு, நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் "எங்க நைனா இமயமலை ஏறிட்டாரு" என்று சொல்லிக்கொண்டு திரிவதாக உங்கள் அம்மா சொன்னாள். யாராவது குறுக்குக் கேள்வி கேட்பதற்குள் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஏறினேன் என்பது நிஜம்தான். ஆனால் கொடி நடுவதற்காக ஏறவில்லை, ஒரு கிரைண்டரை மாட்டிக் கொடுக்க ஏறினேன். ஏறும்போது என் கையில் இருந்தது இட்லி மாவு.

எல்லாவற்றுக்கும் காரணம் கர்ணா. திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து டிபன் ஓட்டலில் இட்லி மாஸ்டராக இருந்தானே, அவன்தான். மீசை முளைக்காத வயசில் நேபாளத்திலிருந்து தட்டு கழுவ வந்தவன். திருவள்ளூர், வேலூர் ஆட்களோடு அடுப்படியில் நின்று நின்று, நம்மைவிட நன்றாக நம்முடைய தமிழைப் பேசுவான். அந்த ஓட்டல் கிரைண்டர் எப்போது படுத்துக்கொண்டாலும் நான்தான் போய் எழுப்புவேன். அப்படித்தான் பழக்கம்.

கர்ணாவின் மனைவி மாயா, மலைக்கு அந்தப்பக்கம் தன் அப்பா வீட்டில் இருக்கிறாள். பெரிய கணவாய் ஒன்றைத் தாண்டி இறங்கினால் அந்த ஊர். மலை நடக்க வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். வழியோரம் மாமனாருக்கு ஒரு கல் அறை உண்டு. "கடை போட்டுக்கொள், ஆனால் திறக்கிற நாளில் ஊரைக் கூப்பிட்டு நீ சொல்லும் அந்தச் சாப்பாட்டைப் போடு. ஊருக்குப் பிடித்தால் அறை உனக்கு. இல்லையென்றால் நூடுல்ஸ் விற்க இன்னொரு மருமகன் காத்திருக்கிறான்" என்று அவர் சொல்லிவிட்டார். நூடுல்ஸ் மருமகனுக்கு அறை போனால் கர்ணா மறுபடி திருப்பதி அடுப்புக்குத் திரும்ப வேண்டும், மாயா மறுபடி அங்கே, இவன் இங்கே.

"நம்ம இட்லி துன்னா அந்தக் கெழவன் அப்புறம் வேற எதையும் துன்ன மாட்டாரு அண்ணா. நீ வந்து கிரைண்டரை மட்டும் மாட்டிக் குடுத்துடு" என்றான் கர்ணா. அங்கே பூசாரி மாதிரி இருக்கிற ஊர் லாமா, கடை திறக்க நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். சிறிய கிரைண்டர், இட்லிப் பாத்திரம், அரிசி, உளுந்து, உங்கள் அம்மா இடித்துக் கொடுத்த வேர்க்கடலைப் பொடி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

உங்கள் அம்மா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். புத்தலப்பட்டில் சந்தைக்கு நடக்கச் சொன்னாலே ஷேர் ஆட்டோ தேடுகிற ஆள் கணவாய் ஏறப் போகிறாரா என்று கேட்டாள். மலை எனக்குப் புதிதல்ல, திருமலைக்கு எத்தனை தடவை ஏறியிருக்கிறேன் தெரியுமா என்றேன். தெரியும், எல்லாம் பஸ்ஸில்தான் என்றாள். ஓட்டல் கிரைண்டர்களைப் பார்க்கப் போகிறவனை யார் படியில் ஏறச் சொல்கிறார்கள்?

நேபாளத்துக்குள் பஸ் என்பது கொஞ்சம் தைரியமான லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கராபேட்டை மலைப்பாதையில் வளைவு வந்தால் நம் ஓட்டுநர் ஹாரன் அடிப்பார். இங்கே ஓட்டுநர் பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறார். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் மடியில் சேவலோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் நான் "இயேசப்பா" என்றேன், சேவல் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் கர்ணாவிடம் ஏதோ கேட்டார். உன் நண்பர் யாரைக் கூப்பிடுகிறார், அவர் அடுத்த நிறுத்தத்தில் ஏறுவாரா என்று கேட்டாராம்.

பாதி வழியில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. இயந்திரம் வரும், வரும் என்றார்கள். வந்தது, ஆனால் அதற்குள் லாமா குறித்த நாள் நெருங்கிவிட்டது. காத்திருந்த பொழுதெல்லாம் சாப்பிட்டது ஒரே சாப்பாடு. காலையிலும் பருப்பும் சோறும், மாலையிலும் பருப்பும் சோறும். குறை சொல்லவில்லை, நல்ல பருப்பு. தட்டு காலியாகும் முன்பே மறுபடி போட்டுவிடுகிறார்கள். போதும் என்று கையைக் காட்டினால் கூச்சப்படுகிறான் என்று நினைத்து இன்னும் போடுகிறார்கள். என் உடம்பு அந்த ரோட்டோரத்திலேயே இன்னொரு சுற்று பெருத்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அந்தப் பெருத்த உடம்புக்கு ஒரு வேலை வந்தது.

ரோடு முடிகிற ஊரில் பெம்பா என்கிற கோவேறு கழுதைக்காரர் எங்களுக்காக நின்றிருந்தார். அவர் கழுதையின் பெயர் ராணி. ராணி கிரைண்டரை முகர்ந்து பார்த்துவிட்டு என்னையும் முகர்ந்து பார்த்தது. இரண்டில் எதைச் சுமக்கச் சொல்வார்களோ என்கிற கவலை அதன் கண்ணில் தெரிந்தது. கிரைண்டர் என்று தெரிந்ததும் நிம்மதியாக நடக்க ஆரம்பித்தது.

முதல் தொங்குபாலத்தில் அந்த நிம்மதி முடிந்தது. பாலம் ஆடியது, ராணி நின்றுவிட்டது. பின்னால் வந்த கழுதைகளெல்லாம் நம் ஊர் ரயில்வே கேட்டில் லாரிகள் நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன. பெம்பா கெஞ்சினார், திட்டினார், பாடிக்கூடக் காட்டினார். கடைசியில் கிரைண்டர் கல்லை இறக்கி, கூடையில் வைத்து, கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக் கர்ணா சுமந்தான். பாரம் குறைந்த ராணி அவனுக்கு முன்னால் ஒய்யாரமாகப் பாலத்தைக் கடந்தது.

அன்று நாங்கள் சேர்ந்த ஊர்தான் கணவாய்க்கு இந்தப்பக்கம் கரண்டு இருக்கிற கடைசி ஊர். அங்கே உட்கார்ந்து கர்ணா விரல் மடக்கிப் பார்த்தான். ஊர் போய்ச் சேர்ந்து, ஊறவைத்து, அரைத்து, புளிக்க வைத்து இட்லி சுட நேரமில்லை. நேராகத் திறப்பு நாள் காலையில்தான் போய் நிற்போம், ஊர் தட்டோடு உட்கார்ந்திருக்கும். என்ன செய்வது? இங்கேயே அரைத்து எடுத்துக்கொண்டு போவோம், நடக்க நடக்கப் புளிக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

நம் ஊர் ஆட்கள்தான் இப்படி யோசிப்பார்கள், பிள்ளைகளே. சித்தூர் வெயிலில் பிறந்தவனுக்கு மாவு பொங்காது என்கிற பயமே கிடையாது. பொங்கி வழிந்துவிடுமே, புளித்துக் கெட்டுவிடுமே என்பதுதான் பயம். மாவு தன்னால் புளிப்பது சூரியன் தன்னால் உதிப்பது மாதிரி என்று நானும் நினைத்திருந்தேன், பல வருஷம் இட்லி சுட்ட மாஸ்டரும் நினைத்திருந்தான். தங்கிய வீட்டில் கரண்டு கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கல் தூக்கக் கலக்கத்தில் சுற்றுவது போலச் சுற்றியது. ஆனாலும் மாவு வெண்ணெயாக வந்தது. மூடி போட்ட இரண்டு எவர்சில்வர் தூக்குகளில், வழியாமல் இருக்கட்டும் என்று பாதிக்குக் கொஞ்சம் மேலே ஊற்றினோம். எங்கள் புத்திசாலித்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

மறுநாள் ஏற்றம். மரங்கள் முதலில் குட்டையாயின, பிறகு புதராயின, பிறகு இல்லாமலே போயின. நானும் அதே வரிசையில்தான் போய்க்கொண்டிருந்தேன். நாலு அடிக்கு ஒரு தடவை நின்று இயற்கையை ரசித்தேன். கர்ணா நல்லவன், நான் ரசிக்கிறேன் என்றே வைத்துக்கொண்டான். பெம்பா அவ்வளவு நல்லவர் இல்லை. "உங்கள் அண்ணனுக்கு இந்தப் பாறை ரொம்பப் பிடித்திருக்கிறது போல, இங்கேயே குடித்தனம் வைக்கப் போகிறாரா" என்று கேட்டாராம்.

சாயங்காலம் கணவாய்க்குக் கீழே ஒரு வெட்டவெளியில் கூடாரம் அடித்தோம். குளிர் என்றால் உங்களுக்கு மார்கழியில் சர்ச்சுக்குப் போகும்போது மப்ளர் கட்டுவோமே, அதுதான் தெரியும். இது வேறு. பல் துலக்கிய தண்ணீரைத் துப்பினால் அது தரையில் போய்க் கண்ணாடியாகிறது. பெம்பா சோறு வடித்தார். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது, அரிசிதான் வேகமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு பருக்கையிலும் நடுவில் ஒரு எலும்பு இருந்தது. அதன்மேல் உங்கள் அம்மாவின் வேர்க்கடலைப் பொடியைக் கொட்டியதும் பெம்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

சாப்பிட்டதும் கர்ணா தூக்கைத் திறந்தான். மாவு ஊற்றினபடியே கிடந்தது. ஒரு குமிழி இல்லை. விரலை விட்டு நக்கிப் பார்த்தான். "பச்சையாவே கீது அண்ணா" என்றான். முகம் சாம்பலாகிவிட்டது. அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் மாவு புளிப்பதற்குப் பதிலாக உறைய ஆரம்பித்திருந்தது.

அடுப்பருகே வைக்கலாம் என்றால் எரிக்க விறகில்லை, சமைத்ததே சின்னக் காஸ் அடுப்பில். அந்த இடத்தில் சூடாக இருந்தவை எங்கள் உடம்புகள் மட்டும்தான். நானும் கர்ணாவும் ஆளுக்கொரு தூக்கைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டு படுப்பது என்று முடிவானது. ராணியோடும் ஒன்றைப் படுக்க வைக்கலாமா என்று கேட்டேன். அது உருண்டு படுக்கும் என்று பெம்பா மறுத்துவிட்டார்.

எனக்கோ தலையை யாரோ ஸ்பானர் போட்டு இறுக்குவது போல வலி. உயரத்துக்கு வந்தால் சிலருக்கு இப்படி ஆகுமாம். பெம்பா பூண்டுக் கஞ்சி கொடுத்துவிட்டு, காலையிலும் வலி இருந்தால் குண்டு மனுஷன் கீழே இறங்கிவிட வேண்டும், விளையாட்டில்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். கர்ணா அதை எனக்குச் சொன்னான். நான் இறங்கினால் பாதி மாவும் இறங்கிவிடும், கிரைண்டர் மாட்டவும் ஆள் இல்லை. ஆனாலும் அவன் என்னை இருந்துபார் என்று சொல்லவில்லை. "தலதான் முக்கியம் அண்ணா, கடை போனா போவுது" என்றான். அன்று நான் ஜெபம் பண்ணினேன். முதலில் என் தலைக்கு, பிறகு மாவுக்கு. நம் சபையிலே மாவுக்காக ஜெபம் பண்ணின முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன், பாஸ்டரிடம் சொல்லாதீர்கள்.

காலையில் வலி இறங்கியிருந்தது. நடக்கலாம் என்று பெம்பா என் கண்ணை, நாக்கையெல்லாம் பார்த்துச் சொன்னார். மாவு மட்டும் அப்படியே இருந்தது. கெட்டுப் போகவில்லை, உறையவில்லை, அவ்வளவுதான்.

கணவாய் ஏறுவதைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. கல்லும் பனியும் சறுக்கலும்தான். மேலே ஏறிப் பார்த்தால் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று துணிக்கொடிகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. சுற்றிலும் வெள்ளை மலைகள், நம் ஏழு மலையையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாலும் இடுப்புக்கு வராது. உலகத்தில் எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் அதைப் பார்த்துக் கண் கலங்கி நிற்கிறார்கள். நானும் கர்ணாவும் மலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூக்கைத் திறந்து தலையைக் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் மெல்ல வந்து நின்றார். எங்களையும் தூக்கையும் பார்த்தார். தன் குல்லாயைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அவர் கூட வந்த கைடு கர்ணாவிடம் தாழ்ந்த குரலில் என்னவோ விசாரித்தான். கர்ணா என் பக்கம் திரும்பி, "யாரோட அஸ்தின்னு கேக்குறாங்கோ அண்ணா" என்றான்.

இட்லி மாவு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவு மரியாதையாக நிற்கிறாரே. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது, ஏனென்றால் மாவு அசையவே இல்லை.

இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம் என்று சொல்கிறவர்களுக்கு முழங்கால் கிடையாது. மாலையில் ஆற்றோரமாக, கொஞ்சம் புல் இருக்கிற இடத்தில் கூடாரம் போட்டோம். முந்தைய இடத்தைவிட அங்கே குளிர் குறைவு. மறுபடி ஆளுக்கொரு தூக்கு. கர்ணா தன் தூக்கைச் சால்வையில் சுற்றி, குழந்தையைப் போல வயிற்றோடு அணைத்துப் படுத்தான். நானோ களைப்பில் தூக்கின் மேலேயே கையைப் போட்டுக்கொண்டு தூங்கிப் போனேன்.

விடிந்து பார்த்தால் என் கால்கள் எதிலோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சட்டென்று எழ முடியவில்லை. பைக்குள் நம் வீட்டு அடுப்படி வாசனை, அந்தப் புளித்த வாசனை. மூடி ஒரு பக்கம் கிடக்க, மாவு பொங்கி வழிந்து என் முழங்கால்வரை ஓடியிருந்தது. நான் கத்தியதைக் கேட்டுப் பெம்பா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார். கர்ணா பைக்குள் தலையை விட்டுப் பார்த்தான், முகர்ந்தான், பிறகு மாவும் கையுமாக என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அவனுடைய தூக்கைத் திறந்தோம். அது பொங்கவில்லை, லேசாக முணுமுணுத்திருந்தது. ஒல்லி உடம்பில் சூடு எங்கே இருக்கும்? பெம்பா இரண்டு தூக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அதைக் கேலி செய்தவர் அன்று அதற்கு ஒரு கும்பிடு போட்டார். வாடகைக்கு எடுத்த தூங்கும் பையை ஆற்றில் அலசினேன். அதைத் திருப்பி வாங்கிய கடைக்காரர் வாசனை எங்கேயிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இல்லை.

வழிந்தது போகத் தூக்கில் மிச்சம் இருந்த மாவு இட்லிக்கு, பொங்காதது தோசைக்கு என்று பிரித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். நினைத்தது போலவே ஊர் காத்திருந்தது. கல் அறைக்கு முன்னால் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ரோமக் குல்லாய் போட்டுக்கொண்டு மாமனார். அவருக்குப் பக்கத்தில் நூடுல்ஸ் மருமகன், எங்களுக்காக ரொம்ப வருத்தப்படுகிறவன் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். மாயா கதவோரம் நின்று கர்ணாவைப் பார்த்தாள். அவன் நேரே அடுப்புக்குப் போனான், அவள் தீயை ஊதினாள்.

அந்த உயரத்தில் இட்லி வேக நம் ஊரைவிட அதிக நேரம் எடுத்தது. ஊர் பொறுமை இழந்து பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டது. நான் மூடியைத் திறக்கச் சொல்லி அவசரப்படுத்த, கர்ணா "சும்மா கெட அண்ணா" என்று அதட்டினான். ஒருவழியாகத் திறந்தபோது வெள்ளை வெளேரென்று உப்பி நின்றன. துணியிலிருந்து எடுக்க நான் தண்ணீர் தெளித்துக் கொடுத்தேன்.

உருளைக்கிழங்குக் குழம்பு, வேர்க்கடலைப் பொடி, இட்லி. தோசையை ஊர் பிய்த்துப் பிய்த்துத் தின்றது, நூடுல்ஸ் மருமகன்கூட மூன்றாவதுக்கு வரிசையில் நின்றான். (கிரைண்டரை மறுநாள் மாட்டினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை, ஓடியது.)

மாமனார் தோசையைத் தொடவில்லை. வாக்குக் கொடுத்தது இட்லிதானே. ஒன்றை எடுத்து, விரலால் அமுக்கிப் பார்த்து, இரண்டாகப் பிட்டு, ஆவி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டார். இன்னொன்று சாப்பிட்டார். தட்டை வழித்தார். பிறகு பெம்பாவைக் கூப்பிட்டு என்னைக் காட்டிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பெம்பா கையை வட்டமாக வைத்து என் வயிற்றையும், உள்ளே தூக்கு இருந்த விதத்தையும், மாவு வழிந்ததையும் நடித்தே காட்டினார். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை.

அவர் கர்ணாவிடம் கேட்டதைக் கர்ணா எனக்குச் சொன்னான். "நல்லாத்தான் கீதாம். ஆனா இந்தக் குண்டு மனுஷன் ஊருக்குப் போய்ட்டா, குளிர்காலத்துல யாரு மாவைப் பொங்க வைப்பான்னு கேக்குறாரு."

கர்ணாவின் தூக்கு பொங்காததை ஊரே இப்போது கேட்டுவிட்டது. சிரித்தவர்கள் எல்லோரும் அடங்கிப் போனார்கள். நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றா சொல்ல முடியும்?

மாயா அடுப்பை விட்டு எழுந்தாள். காலியான தூக்கை எடுத்தாள். வழிந்து காய்ந்திருந்த மாவை முந்தானையால் துடைத்தாள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னாள். உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கர்ணா அதை எனக்குச் சொல்லவில்லை. இட்லிப் பாத்திரத்தைத் திறந்து ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். முதுகில் தட்டி, "இன்னாடா சொல்லுச்சு?" என்றேன்.

"இத்தினி வருஷம் வெறும் போனைப் பக்கத்துல வச்சிக்கினு படுத்தேன், ஒரு தூக்கை வச்சிக்கினு படுக்க மாட்டேனான்னு கேக்குது அண்ணா."

பெரியவர் மகளைப் பார்த்தார். பிறகு காலித் தட்டை எடுத்து, பரிமாறிக்கொண்டிருந்தவர்களை விட்டுவிட்டு, கடைக்காரர் கையால் இன்னொன்று வேண்டும் என்று கர்ணாவிடம் நீட்டினார்.